முதல் எதிர்மனுதாரர்

என் தாய்மாமாவின் மேல் என் அம்மா கேஸ் போட்டபோது எனக்குப் பத்து வயது முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் அக்காவும் தம்பியும் கோர்ட்டுக்குப் போவது புதிதல்ல. வரப்புக்காகப் போவார்கள், வாய்க்கால் தண்ணீருக்காகப் போவார்கள், பெண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று யாராவது எடுத்துக்கொடுத்துவிட்டால் போவார்கள். இது அந்த வகை இல்லை. என் புருஷன் செத்ததற்கு என் தம்பிதான் காரணம் என்று ஒருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்ட கேஸ். அந்தக் காகிதத்தில் மாமாவுக்குப் பெயர் ‘முதல் எதிர்மனுதாரர்’. இரண்டாவது எதிர்மனுதாரர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். அப்பா டிராக்டர் ஓட்டினார். டிராக்டர் வேறொருவருடையது. அது போக ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, குத்தகைக்கு வைத்திருந்தார். உளைச் சேற்றில் மாட்டிக்கொண்ட டிராக்டரை வெளியே எடுக்கவேண்டும் என்றால் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அப்பாவுக்குத்தான் ஆள் வரும். அவர் போய் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னுமாக நாலு தடவை அசைத்தால் எருமை எழுந்து வருவதுபோல் அது எழுந்து வரும். நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா கையில் இருக்கிற எந்த வண்டியும் கவிழாது என்பது எனக்குச் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போல.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. குவைத்தில் ஒரு கம்பெனி வேனுக்கு டிரைவர். அந்த மாசியில் இரண்டு மாத லீவில் வந்தார், கல்யாணம் செய்துகொண்டு போவதற்காக. வந்த மறுவாரமே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். சிவப்பு வண்டி. சீட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. தான் குவைத்துக்குத் திரும்பிய பிறகு வண்டி அப்பாவிடம் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் அப்பா அதை இப்போதே தன் வண்டியாக நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தது. தேதி குறிப்பதற்காக ஒரு பங்குனி மாதக் காலையில் அப்பாவும் மாமாவும் கிளம்பினார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றேன். அப்பா என்னைத் தூக்கி முன்னால் டேங்க்கின் மேல் உட்காரவைத்தார். பின்னால் மாமா, மடியில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்த பையோடு.

“மெதுவா போங்க அத்தான், புது வண்டி, ரன்னிங் இன்னும் முடியல” என்றார் மாமா.

“வரப்புல டிராக்டர் ஓட்டுறவன்டா மாப்ள நானு. இது என்னா, கொசு” என்றார் அப்பா.

அவர் பேசும்போது அவர் நெஞ்சு என் முதுகில் அதிர்ந்தது. வாய்க்கால் மதகில் என்னை இறக்கிவிட்டார்கள். மதகுக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம். நான் இறங்கி, டேங்க்கில் பட்ட என் விரல் தடத்தைப் பாவாடையால் துடைத்தேன். அவர்கள் போனார்கள். முன்னால் அப்பா, பின்னால் மாமா. இதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

உளுந்து அறுப்புக் காலம் அது. எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். ஆள் கூலி மிச்சம். முந்தின வாரம் எங்கள் உளுந்தையும் அப்பா அப்படித்தான் ரோட்டில் போட்டிருந்தார். குத்தாலத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஒரு வளைவில், யாரோ ஒருவர் முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்த செடியில் வண்டி ஏறியது. உதிர்ந்த உளுந்து சக்கரத்துக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டிருக்கும். வண்டி ஒரு பக்கம் போனது, மாமா ஒரு பக்கம், அப்பா பாலத்துக் கட்டையில்.

செடியைப் போட்டவர்கள் பயந்துவிட்டார்கள். போலீஸ் வருவதற்குள் அவ்வளவு செடியையும் வாரிக்கொண்டு, உதிர்ந்த உளுந்தைக்கூடப் பெருக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் வந்து பார்த்தபோது சுத்தமான தார் ரோடு, விழுந்து கிடந்த ஒரு சிவப்பு வண்டி, அவ்வளவுதான் இருந்தது.

எனக்கு அன்றைக்கு வகுப்பில் வகுத்தல் கணக்கு. பாதியில் டீச்சர் கூப்பிட்டு, பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு என் தலையைத் தடவினார். அந்த டீச்சர் அதற்கு முன்பு யார் தலையையும் தடவியதில்லை. பெரியப்பாவின் மகன் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு மிதித்தான். வீட்டு வாசலில் தெருவே நின்றது. எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தக் கணக்கை முடிக்காமல் வந்துவிட்டேனே என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றிய தப்பு.

சாயங்காலம் வேனில் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. வயலுக்குப் போகும்போது துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்வாரே, அதே மாதிரி இருந்தது. இதை அவிழ்த்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அழவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அதை எப்படி விழுங்குவது என்று மறந்துபோயிருந்தது. அம்மாவும் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோரிடமும், “காலையில இட்லி சாப்புட்டாங்க, அஞ்சு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் மாமா வந்தார். வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சட்டையெல்லாம் ரத்தம், அவருடையதா அப்பாவுடையதா தெரியாது. பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், எழுந்து போய் அந்தச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“பதினஞ்சு வருஷமா ஸ்டியரிங் புடிச்ச கைடா என் தம்பிக்கு. அவன் ஓட்டி விழுமா? யாருடா ஓட்டுனது?”

“நான்தான் ஓட்டுனேன்” என்றார் மாமா.

பெரியப்பா அவர் கன்னத்தில் அறைந்தார். மாமா நின்றுகொண்டே இருந்தார். பெரியப்பா இன்னொரு முறை அறைந்தார். நாலு பேர் வந்து விலக்கினார்கள். நான் வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. முன்னால் அப்பாதானே இருந்தார்?

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்வதற்கு இது மர்மக்கதை இல்லை. வண்டியை ஓட்டியது அப்பாதான். மதகில் ஓட்டியதும் அவர்தான், அந்த வளைவில் ஓட்டியதும் அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா உடைந்த கையோடு உட்கார்ந்திருந்தபோது, கையில் ரெக்ஸின் பை வைத்திருந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். விபத்து கேஸ்களுக்காக ஆஸ்பத்திரிகளைச் சுற்றி வருகிற ஆள். வண்டி யார் பேரில் இருக்கிறது, யார் ஓட்டினார்கள், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அவர் உச்சுக்கொட்டினாராம். “எதுர்ல வந்து யாரும் மோதல. செத்தவரே ஓட்டியிருந்தா குடும்பத்துக்கு ஒண்ணும் வராது தம்பி. பின்னால ஒக்காந்து போயிருந்தாதான் கேக்க வழி உண்டு.” சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துப் போலீஸ்காரர் வந்து, யார் ஓட்டியது என்று கேட்டார். மாமா சொல்லிவிட்டார். அந்த அரை மணி நேரத்தில் அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் அத்தான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு திருவாரூரிலிருந்து வக்கீலின் குமாஸ்தா வந்தார். அம்மாவிடம் கையெழுத்து வாங்கவேண்டும். மாமா கொல்லைப்பக்கம் வழியாக வந்து அடுப்படி வாசலில் நின்றார். பெரியப்பா அவரைத் தெருவாசல் வழியாக வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். குமாஸ்தா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்.

“வண்டிய நீங்கதான் ஓட்டுனீங்க. அவரு பின்னால. அப்படித்தானே?”

“ஆமாங்க.”

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “அப்பாதானே ஓட்டுச்சு? நான் டேங்க்ல ஒக்காந்திருந்தேனே” என்றேன்.

அம்மா என்னை அறைந்தார். அதுவரை அம்மா என்னை அடித்ததில்லை. ஒரு பக்கக் காது அடைத்துப்போய் ‘ங்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அறைந்த கையைத் தானே பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா, தான் எதையும் பார்க்கவில்லை என்பதுபோல் பேனா மூடியைத் தேடினார்.

அவர் போன பிறகு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “மதகு வரைக்கும்தான் அப்பா ஓட்டுனாங்க. அங்கேர்ந்து மாமா வாங்கி ஓட்டிருக்கு. நீ பாத்தியா அதுக்கப்பறம்? பாத்தியா? பாக்காததப் பேசக்கூடாது. யாரு கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும்.”

நான் நம்பினேன். ரொம்பச் சுலபமாக நம்பினேன். ஏனென்றால் அதுதான் எனக்குப் பொருந்தியது. அப்பா ஓட்டி வண்டி விழாது. வண்டி விழுந்திருக்கிறது. ஆகவே அப்பா ஓட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்டுவந்த கணக்கைவிட இது தெளிவாக மீதியில்லாமல் முடிந்தது. மதகைத் தாண்டியதும் இந்த மாமா அப்பாவிடமிருந்து வண்டியைப் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கி ஓட்டி அப்பாவைக் கொன்றிருக்கிறார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். குவைத்திலிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த கலர் பென்சில் டப்பாவை வாய்க்காலில் போட்டேன். அது மிதந்துகொண்டே போனது எரிச்சலாக இருந்தது.

கேஸ் நடந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பாடம் நடந்தது. வக்கீல் அம்மாவுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார். ‘முதல் எதிர்மனுதாரர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால்’. அம்மாவுக்கு அந்த ‘அஜாக்கிரதை’ வரவில்லை. ‘அசாக்ரத’ என்பார், ‘அஜாக்ருத’ என்பார். நான் பள்ளியில் வாசிப்பில் முதல். அதனால் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, “அ, ஜாக், கிர, தை” என்று பிரித்துப் பிரித்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாமா செய்த குற்றத்துக்கு இவ்வளவு கஷ்டமான பெயர் இருந்தது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னார். சில சமயம் பாதியில் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். புகை என்று நினைத்தேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மதகடியில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. சேமியா ஐஸ்காரரிடம் ஒன்று வாங்கி என்னிடம் கொடுத்தார். பள்ளியைப் பற்றிக் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“பாப்பா, அன்னைக்கு அவுங்க கெளம்பினப்ப நீ பாத்தியாமே? முன்னாடி யாரு ஒக்காந்திருந்தா?”

என் கன்னம் தானாகச் சுட்டது. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவேண்டும். ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஐஸ் உருகி முழங்கை வரை ஒழுகியது. அவர் பொறுமையாக நின்றார்.

“எங்கப்பா ஓட்டியிருந்தா விழுந்திருக்காது” என்றேன். “அவருதான் ஓட்டுனாரு. எங்க மாமா. அவருதான் எங்கப்பாவக் கொன்னாரு.”

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா செத்ததிலிருந்து வராமல் அடைத்துக்கொண்டிருந்த அழுகை முழுவதும் அந்த மதகடியில், ஒரு முன்பின் தெரியாத மனிதர் முன்னால் வந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்த சின்ன நோட்டை மூடினார். கைக்குட்டையை எடுத்து என் முழங்கையைத் துடைத்துவிட்டார். “வீட்டுக்குப் போம்மா” என்றார். சொல்லிக்கொடுத்த பிள்ளை இப்படி அழாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் குடும்பத்திலேயே பொய்யில்லாத சாட்சி நான்தான். என் வெறுப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மாமாவுக்கு நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். குத்தாலத்துப் பெண் வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த அத்தானையே கொண்டுபோய்ச் சாகடித்தவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஆள் சாகும்படி வண்டி ஓட்டியதாகப் போலீஸ் கேஸ் இருந்ததால் திரும்பி வெளிநாடு போக முடியவில்லை. லீவு முடிந்தது, விசாவும் முடிந்தது, குவைத்தில் அவருடைய வேனை வேறு யாரோ ஓட்டினார்கள். முழங்கை சரியாகக் கூடாமல் வளைந்தே நின்றுவிட்டது. ஊரில் அவரை யாரும் எதிரே வந்து திட்டவில்லை. அவர் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பல வருஷம் கழித்து நன்னிலத்தில் ஓர் அரிசி ஆலையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கல்யாணமும் அதற்குப் பிறகுதான்.

கேஸ் அம்மாவுக்குச் சாதகமாக முடிந்தது. கேட்டது முழுதாக வரவில்லை, ஆனால் வந்தது. குத்தகை நிலத்தை விடாமல் அம்மா பயிர் வைத்தார். நான் நர்ஸிங் படித்தேன். நஷ்டஈட்டில் என் பங்கு பேங்க்கில் என் பெயரில் இருந்தது. பதினெட்டு வயதானதும் அதை எடுக்கக் கையெழுத்துப் போட அம்மாவோடு பஸ்ஸில் போனபோதுதான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அம்மா எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது மாமா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா, “வேணாண்டா, எனக்கு ஒரு காசு வேணாம், போலீஸ்ல போயி நெசத்தச் சொல்லிடு” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். “புள்ளைய வச்சிக்கிட்டு என்னா பண்ணுவ?” என்று மாமா கேட்டாராம். அதற்குப் பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார். இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மா, “பேனா எடுத்துட்டு வந்தியா?” என்றார்.

எட்டு வருஷம் ஒரு மனிதரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். மறுநாள் அரிசி ஆலைக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து அதை எனக்கு நகர்த்திப் போட்டார். “வெயில்ல வந்திருக்கியே, ஆட்டோ புடிச்சு வரக்கூடாதா?” என்றார். அதற்கு மேல் அவர் என்னைப் பேசவிடவில்லை.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது இதையெல்லாம் இல்லை. கோர்ட்டில் அம்மா சாட்சி சொன்ன அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. “பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, யூனிஃபார்ம்லயே வரட்டும்” என்று வக்கீல் சொல்லியிருந்தார். காலாண்டு லீவில் யூனிஃபார்ம் போடுவது எனக்கு விநோதமாக இருந்தது. திருவாரூர் கோர்ட்டில், மின்விசிறிக்கு அடியில் காகிதங்கள் படபடக்கிற ஒரு நீளமான அறை. நீதிபதி உயரத்தில் இருந்தார். அம்மா கூண்டில் ஏறினார். மாமா எதிர்ப்பக்கம் கதவோரமாக, வளைந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கம்பெனிக்காரர்களே வரவழைத்திருந்தார்கள்.

அம்மா அந்த வாக்கியத்தைச் சரியாகச் சொன்னார். ‘அஜாக்கிரதை’யும் பிசகாமல் வந்தது. நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு கம்பெனியின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏம்மா, வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனது உங்க வீட்டுக்காரர்தான். நஷ்டஈடு கெடைக்கணும்னு உங்க தம்பி ஓட்டினதா மாத்திச் சொல்றீங்க. சரிதானே?”

சொல்லிக்கொடுத்த வாக்கியத்தில் இதற்குப் பதில் இல்லை. வக்கீல் காத்திருந்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அம்மாவின் கை கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தது. அம்மா மெல்லத் தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் அம்மாவின் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

“இவந்தாங்க அய்யா! இவந்தான் ஓட்டுனான்! என் தம்பியா பொறந்து என் குடியக் கெடுத்தவன் இவந்தாங்க! என் புருஷனக் கொண்டுபோயி கொன்னுட்டு வந்து நிக்கிறான் பாருங்க!”

அம்மா கூண்டுக் கட்டையில் தலையை மோதிக்கொண்டார். இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். அப்பா செத்த அன்று அழாத அம்மா, கருமாதியில் அழாத அம்மா, இருபது பேர் பார்க்க அங்கே கதறினார். ஒன்றரை வருஷமாக நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அம்மா சொன்னார். ஆனாலும் வெளியே சத்தமாகக் கேட்டபோது என் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மாமாவைக் கூண்டில் ஏற்றினார்கள். “உங்க அக்கா சொல்றது உண்மையா?” என்று அதே வக்கீல் கேட்டார்.

“உண்மைதாங்க. நான்தான் கொன்னுட்டேன்.”

டைப் அடிக்கிற அம்மாள் நிமிர்ந்து, அதை எப்படிப் போடுவது என்பதுபோல் நீதிபதியைப் பார்த்தார். “என் கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது, அப்படிப் போடுங்க” என்றார் நீதிபதி. கம்பெனி வக்கீல் மேலே எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்தார். நெற்றியில் புடைத்திருந்தது. மாமா தூரத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரத்தடியில் தனியாக நின்றார். கம்பெனி ஆட்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார். ஒன்றை என் கையில் கொடுத்து, உதடு அசையாமல், “மாமாட்ட கொண்டுபோயி குடு. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிச்சிருக்காது. ஒண்ணும் பேசாத, குடுத்துட்டு வா” என்றார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இப்போதுதானே உள்ளே அப்படிக் கதறினார்? கொன்றவனுக்கு யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்களா? அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கிளாஸ் விரலைச் சுட்டது. புங்கமரத்தடிக்குப் போனேன். மாமா என்னைப் பார்த்ததும் நல்ல கையை நீட்டினார். ஒன்றரை வருஷத்தில் நான் அவர் முன்னால் அவ்வளவு பக்கத்தில் போய் நின்றது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிளாஸைக் கவிழ்த்தேன். டீ முழுவதும் அவருடைய செருப்புக் காலுக்கு முன்னால் மண்ணில் கொட்டிப்போனது. வெறும் கிளாஸை அவர் கையில் வைத்தேன்.

மாமா கீழே மண்ணைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக டீக்கடையைப் பார்த்தார். அங்கே அம்மா, கம்பெனி ஆட்களுக்குத் தெரியாமல், முந்தானையால் நெற்றியைத் துடைக்கிற சாக்கில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முதுகு மறைத்ததில் அம்மாவுக்கு நான் செய்தது தெரிந்திருக்காது. மாமா அந்த வெறும் கிளாஸை வாயில் வைத்தார். சாய்த்தார். ஊதி ஊதி, மூன்று நான்கு தடவை, தொண்டை ஏறி இறங்கக் குடித்தார். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கிளாஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“ஓடு, அம்மா தேடும்” என்றார்.

என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து ஆத்திரத்தோடு திரும்பி நடந்தேன். டீக்கடையில் அம்மா தன் டீயைத் தொடாமல் வைத்திருந்தார்.

“குடிச்சிச்சா?”

“குடிச்சிச்சு” என்றேன்.

அம்மா தன் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டு, கண் இமைக்காமல் ஒரு பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.